கூலண்ட் சிலிண்டருக்குள் கசிகிறதா? ஹெட்டைக் கழற்றுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

பெங்களூரில் பழைய கார் வைத்திருப்பவர்கள் கேரேஜில் கேட்க அஞ்சும் வாக்கியம், "கேஸ்கெட் போயிடுச்சு சார், ஹெட் இறக்கணும்" என்பதுதான். கூலண்ட், அதாவது இஞ்சினைக் குளிர்விக்கும் திரவம், அடிக்கடி குறைகிறது, ஓசூர் ரோட்டு நெரிசலில் டெம்பரேச்சர் முள் ஏறுகிறது என்று நாம் சொல்லி முடிப்பதற்குள் இந்தத் தீர்ப்பு வந்துவிடுவதுண்டு. சில வேளைகளில் அது சரியாகவும் இருக்கும். ஆனால் ரேடியேட்டர் மூடி தளர்ந்திருந்தாலும், வாட்டர் பம்ப் கசிந்தாலும், ஃபேன் சுற்றாமல் நின்றிருந்தாலும் இதே இரண்டு அறிகுறிகள்தான் தெரியும். ஹெட்டைக் கழற்றி மாட்டுவது பெரிய செலவு என்பதோடு, தேவையில்லாமல் கழற்றப்பட்ட இஞ்சின் பழைய நிலைக்குத் திரும்பும் என்ற உறுதியும் இல்லை. ஆகவே, ஒன்றையொன்று சாராத இரண்டு சோதனைகளாவது ஒரே முடிவைச் சொல்லும் வரை ஹெட் போல்ட்டில் ஸ்பேனர் வைக்க விடக்கூடாது என்பதே என் நிலைப்பாடு. காசு செலவில்லாத சோதனைகளில் தொடங்கி, கருவி தேவைப்படும் சோதனைகள் வரை, செய்ய வேண்டிய வரிசையிலேயே கீழே எழுதியிருக்கிறேன்.

கசிவு எந்த வழியாக நடக்கிறது

சிலிண்டர் பிளாக்குக்கும் அதன் மேல் உட்காரும் ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் மெல்லிய தகடுதான் ஹெட் கேஸ்கெட்; இன்றைய கார்களில் அது பெரும்பாலும் பல அடுக்கு எஃகுத் தகடாக இருக்கும். எரியும் வாயுவின் அழுத்தம், இஞ்சின் ஆயில், கூலண்ட் ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று மிக அருகிலேயே ஓடினாலும் கலந்துவிடாமல் காப்பது அதன் வேலை. இஞ்சின் ஒருமுறை அளவுக்கு மீறிச் சூடாகிவிட்டால் அலுமினிய ஹெட் வளையக்கூடும். அந்த வளைவினால் கேஸ்கெட்டின் மேலுள்ள அழுத்தம் ஓரிடத்தில் குறைந்து, அங்கே நுண்ணிய வழி ஒன்று திறந்துகொள்கிறது. கேஸ்கெட் நன்றாக இருந்தும், ஹெட்டிலோ பிளாக்கிலோ விழுந்த விரிசல் வழியாகக் கூலண்ட் உள்ளே போவதும் உண்டு.

இந்த வழியில் போக்குவரத்து இரு திசைகளிலும் நடக்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் அறிகுறிகள் எல்லாம் தாமாகவே விளங்கிவிடும். இஞ்சின் ஓடும்போது, எரிபொருள் எரியும் கணத்தில் சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தம் பல பத்து பார். கூலண்ட் பக்கத்தில் இருப்பதோ ஏறக்குறைய 1 பார் மட்டுமே. எனவே புகைவாயு கூலண்டுக்குள் தள்ளப்படுகிறது. இஞ்சினை அணைத்ததும் நிலைமை தலைகீழாகிறது: சிலிண்டரில் அழுத்தம் இல்லை, சூடான கூலண்டிலோ அழுத்தம் இன்னும் மிச்சமிருக்கிறது. இரவு முழுவதும் கூலண்ட் துளித்துளியாகச் சிலிண்டருக்குள் இறங்கி, பிஸ்டனின் தலையில் தேங்கி நிற்கிறது. காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் வண்டி திணறுவதும், பிறகு ஒன்றும் நடக்காததுபோல் ஓடுவதும் இதனால்தான்.

தொடங்குவதற்கு முன் இரண்டு எச்சரிக்கைகள்

சூடான இஞ்சினில் ரேடியேட்டர் மூடியையோ கூலண்ட் டேங்கின் மூடியையோ ஒருபோதும் திறக்கக்கூடாது. மூடி திறந்த மறுகணமே அழுத்தம் விலகி, கொதிநிலையைத் தாண்டியிருக்கும் கூலண்ட் முகத்தில் பீறிடும். ரேடியேட்டரின் மேல் ஹோஸைக் கையால் தொட்டுப் பார்த்து, அது முழுவதும் ஆறியிருந்தால் மட்டுமே மூடியில் கை வைக்க வேண்டும்.

இரண்டாவது எச்சரிக்கையைப் பலரும் சொல்வதில்லை. காலையில் செல்ஃப் அடித்ததும் "டக்" என்ற ஒற்றைச் சத்தத்தோடு இஞ்சின் சுற்றாமல் நின்றுவிட்டால், பேட்டரி இறங்கிவிட்டது என்று எண்ணி மறுபடி மறுபடி முயலக்கூடாது. தள்ளி ஸ்டார்ட் செய்வது அதைவிட ஆபத்து. காற்றை அமுக்கலாம், திரவத்தை அமுக்க முடியாது. சிலிண்டரில் நிறையக் கூலண்ட் தேங்கியிருக்கும்போது பிஸ்டனை வலுக்கட்டாயமாக மேலே ஏற்றினால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். கேஸ்கெட்டோடு முடிந்திருக்க வேண்டிய வேலை, அதன் பிறகு முழு இஞ்சின் வேலையாகிவிடும். அந்த நிலையில் ஸ்பார்க் பிளக்குகள் எல்லாவற்றையும் கழற்றிய பிறகே இஞ்சினைச் சுற்றிப் பார்க்க வேண்டும்.

முதலில் மட்டத்தைக் குறித்து வையுங்கள்

காலையில், வண்டி ஒரே இடத்தில் சமதளத்தில் நிற்கும்போது, டேங்கின் வெளிப்புறத்தில் கூலண்ட் மட்டத்துக்கு நேராக ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுங்கள். தினமும் அதே நேரத்தில் பாருங்கள். எவ்வளவு ஊற்றுகிறீர்கள் என்பதை அளந்து ஊற்றி, ஓடிய கிலோமீட்டரோடு சேர்த்துக் குறித்து வையுங்கள். "அப்பப்போ கொஞ்சம் ஊத்துவேன்" என்று சொல்வதைவிட இந்தக் குறிப்பு மெக்கானிக்குக்குப் பத்து மடங்கு பயன்படும்.

அதே நாட்களில் வெளிக்கசிவையும் தேட வேண்டும். அடுக்கக பேஸ்மென்டில் நிறுத்துகிறவர்கள் இரவில் இஞ்சினுக்கு அடியில் பெரிய அட்டை ஒன்றை விரித்து வைக்கலாம். ஏசி ஓடியதால் சொட்டும் தண்ணீர் நிறமற்றது, பிசுபிசுக்காது, பயணி இருக்கைப் பக்கம் விழும். அதைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. கூலண்டாக இருந்தால் நிறமும் வழுவழுப்பும் இருக்கும். ஹோஸ் கிளாம்புகள், ரேடியேட்டரின் பிளாஸ்டிக் டேங்க் சேரும் விளிம்பு, வாட்டர் பம்ப்பின் அடியில் உள்ள சிறு துளை ஆகிய இடங்களில் உலர்ந்த வெள்ளை அல்லது இளஞ்சிவப்புப் படிவு தெரிகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். முன் இருக்கைகளின் கால்மிதிக்கு அடியில் ஈரமும் இனிப்பு வாடையும் இருந்தால் ஹீட்டர் கோர், அதாவது காரின் உள்ளே சூடேற்றும் சிறு ரேடியேட்டர், கசிகிறது என்று பொருள். பெங்களூரில் ஹீட்டரை யார் போடுகிறார்கள் என்று கேட்கலாம். பல கார்களில் ஹீட்டரைப் போட்டாலும் போடாவிட்டாலும் கூலண்ட் அதற்குள் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

மூடியையும் இப்போதே பார்த்துவிடுங்கள். பல கார்களில் அது சுமார் 0.9 முதல் 1.1 பார் வரை அழுத்தத்தைத் தாங்கி, கூலண்டின் கொதிநிலையை உயர்த்தி வைக்கிறது. கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் பெங்களூரில் வெறும் தண்ணீர் 97 டிகிரி செல்சியஸ் அளவிலேயே கொதித்துவிடும். ரப்பர் இறுகிப்போன மூடியும், கூலண்டுக்குப் பதில் ஊற்றிய போர்வெல் தண்ணீரும் சேர்ந்தால், கேஸ்கெட்டில் எந்தக் கோளாறும் இல்லாமலேயே சில்க் போர்டு சிக்னலில் வண்டி கொதிக்கும். போர்வெல் தண்ணீரின் உப்பு ரேடியேட்டர் குழாய்களில் படிந்து அடைப்பதும் இதோடு சேர்ந்துகொள்ளும். அவசரத்துக்கு ஊற்றுவதென்றால் பேட்டரிக் கடையில் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டரை ஊற்றுவதே நல்லது. மூடி மலிவான பொருள். சந்தேகமிருந்தால் புதிதாக மாற்றிவிட்டு, குறிப்பெழுதுவதைத் தொடருங்கள்.

காலை ஸ்டார்ட்டில் கவனிக்க வேண்டியவை

வெளியே எங்கும் ஈரமில்லை, மட்டம் மட்டும் இறங்கிக்கொண்டே இருக்கிறது என்றால் சந்தேகம் இஞ்சினுக்குள் திரும்ப வேண்டும். இரவு முழுவதும் நின்ற வண்டியை ஒருவர் ஸ்டார்ட் செய்ய, இன்னொருவர் சைலன்சருக்குப் பக்கவாட்டில் நிற்கட்டும். முதல் சில நொடிகளில் இஞ்சின் ஒரு சிலிண்டர் குறைவாக ஓடுவதுபோல் குலுங்கி, அதாவது மெக்கானிக்குகள் சொல்வதுபோல் "மிஸ்ஸிங்" அடித்து, கூடவே அடர்த்தியான வெண்புகை வந்தால் அது வலுவான தடயம். இஞ்சின் விளக்கு எரிந்திருந்தால் ஸ்கேனரில் பி0300 வரிசைப் பிழைக் குறியீடுகள் பதிவாகியிருக்கும். பி0302 என்றால் 2ஆம் சிலிண்டர் எரியத் தவறியது என்று பொருள். அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஆனால் வெண்புகையை மட்டும் நம்பக்கூடாது. டிசம்பர், ஜனவரிக் காலைகளில் பெங்களூரின் குளிரில் நல்ல நிலையில் உள்ள கார்களும் ஆவி விடும். சைலன்சரில் தண்ணீர் சொட்டும். அந்த ஆவி உடனே காற்றில் கரைந்துவிடும், இஞ்சின் சூடேறியதும் நின்றுவிடும். கூலண்ட் எரிந்து வரும் புகை கரையாமல் வண்டியின் பின்னால் தொங்கும், இனிப்பான வாடை அடிக்கும், கசிவு பெரிதாக இருந்தால் நன்கு சூடேறிய பிறகும் வந்துகொண்டே இருக்கும். முகத்தை நெருக்கி முகர்ந்து பார்க்க வேண்டாம். தள்ளி நின்றாலே வாடை தெரியும்.

இதே ஸ்டார்ட்டில் மேல் ரேடியேட்டர் ஹோஸையும் அமுக்கிப் பார்க்கலாம். விரல்கள் ஃபேனுக்கும் பெல்ட்டுக்கும் அருகில் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தொட்டால் ஹோஸ் இன்னும் குளிர்ந்திருக்கிறது, ஆனால் ஓரிரு நிமிடங்களிலேயே கல்போல் இறுகிவிட்டது என்றால், அந்த அழுத்தம் வெப்பத்தால் வந்ததாக இருக்க முடியாது. சிலிண்டரிலிருந்து வாயு வருகிறது.

ஸ்பார்க் பிளக் சொல்லும் சேதி

பெட்ரோல் காரில் இதைவிட மலிவான, தெளிவான சாட்சி வேறில்லை என்பேன். இஞ்சின் ஆறியிருக்கும்போது இக்னிஷன் காயில்களைக் கழற்றி, பிளக் குழிகளில் உள்ள தூசியைக் காற்றால் ஊதி வெளியேற்றிவிட்டு, பிளக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். செய்தித்தாளை விரித்து, அதில் 1, 2, 3, 4 என்று எழுதி, எந்தச் சிலிண்டரிலிருந்து வந்ததோ அந்த எண்ணின் மேல் அந்தப் பிளக்கை வையுங்கள். வரிசை குழம்பிவிட்டால் செய்த வேலை முழுவதும் வீண்.

சாதாரணமாக எரியும் சிலிண்டரின் பிளக்கில் நடுப் பீங்கான் வெளிர் பழுப்பாகவோ சாம்பல் நிறமாகவோ இருக்கும். கூலண்ட் இறங்கும் சிலிண்டரின் பிளக், ஆவி பட்டுப் பட்டுக் கழுவப்பட்டிருப்பதால், புதிதுபோல் வெளுத்திருக்கும். சிலவற்றில் கூலண்டின் உப்புகள் வெண்மையாகவோ அதன் சாயத்தை ஒட்டிய நிறத்திலோ பொருக்காகப் படிந்திருக்கும். காலையில் ஸ்டார்ட் செய்யாமலே கழற்றியிருந்தால் முனையில் ஈரமே தெரியும். ஈரத்தைக் கண்டதும் கூலண்ட் என்று முடிவு கட்டிவிட வேண்டாம், பெட்ரோலாகவும் இருக்கலாம். பெட்ரோல் வாடையோடு விரைவில் உலர்ந்துவிடும். கூலண்ட் விரலில் வழுவழுப்பாக ஒட்டிக்கொண்டு நிற்கும். இங்கே பார்க்க வேண்டியது ஒரு பிளக்கின் நிறம் நல்லதா கெட்டதா என்பதை அல்ல, நான்கில் ஒன்று மட்டும், அல்லது அடுத்தடுத்த இரண்டு மட்டும், மற்றவற்றிலிருந்து மாறுபடுகிறதா என்பதை. அந்த எண் ஸ்கேனரில் வந்த எண்ணோடு பொருந்தினால் சந்தேகம் ஏறக்குறைய உறுதியாகிறது.

போனோடு இணைக்கும் சிறிய போர்ஸ்கோப் கேமராக்கள் இப்போது எளிதில் கிடைக்கின்றன. பிளக் துளை வழியாக அதை இறக்கிப் பாருங்கள். மற்றப் பிஸ்டன்களின் தலையில் கரி படிந்திருக்க, ஒன்றின் தலை மட்டும் உலோகம் பளபளக்கக் கழுவியிருந்தால் வேறு விளக்கம் தேவையில்லை.

அழுத்தச் சோதனை

இதற்கு ரேடியேட்டர் மூடியின் இடத்தில் பொருத்தும் கைப்பம்பு வேண்டும். வாங்கத் தேவையில்லை, நல்ல கேரேஜ்களில் இருக்கும். அல்சூர், சிவாஜிநகர் பக்கம் தமிழிலேயே பேசி வேலை வாங்கக்கூடிய மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். "அண்ணா, ஹெட்டைத் தொடாதீங்க, முதல்ல பிரஷர் டெஸ்ட் மட்டும் பண்ணிக் காட்டுங்க" என்று தெளிவாகச் சொல்லிக் கேளுங்கள். பம்பே இல்லை என்று சொல்லும் கேரேஜில் ஹெட் வேலையைக் கொடுக்கத் தயங்குவது நியாயம்தான்.

இஞ்சின் ஆறிய நிலையில், மூடியில் அச்சிட்டிருக்கும் அழுத்தம் வரை மட்டுமே ஏற்ற வேண்டும். முள் இறங்கினால் வெளியே எங்காவது சொட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். வெளியே காய்ந்திருக்க முள் மட்டும் இறங்கினால், பிளக்குகளைக் கழற்றி வைத்து, அழுத்தத்தை அப்படியே சில மணி நேரமோ இரவு முழுவதுமோ விட்டுவிட்டுப் போர்ஸ்கோப்பால் உள்ளே பார்க்க வேண்டும். நுண்ணிய கசிவுகள் பத்து நிமிடத்தில் தெரியா. "போட்டுப் பாத்தேன், நிக்குது" என்ற பதிலை ஏற்கும் முன் எவ்வளவு நேரம் நின்றது என்று கேளுங்கள். பிறகு இக்னிஷனையும் ஃபியூயல் பம்ப்பையும் துண்டித்துவிட்டு, பிளக் துளைகளுக்கு நேராக யாரும் நிற்காதபடி பார்த்துக்கொண்டு, செல்ஃபை ஒரு நொடி அடித்தால் கசியும் சிலிண்டரிலிருந்து கூலண்ட் பீய்ச்சும்.

நீலம் மஞ்சளாகும் சோதனை

கூலண்டில் புகைவாயு கலந்திருக்கிறதா என்று சொல்லும் இந்தச் சோதனையில், கண்ணாடிக் குழாய் ஒன்றில் நீல நிறத் திரவம் இருக்கும். அது கார்பன் டை ஆக்சைடு பட்டால் மஞ்சளாகும் புரோமோதைமால் புளூ. கூலண்ட் மட்டத்தைச் சற்று இறக்கி, மேலே காற்று நிற்க இடம் விட்டு, ஆறிய இஞ்சினின் திறந்த வாயில் குழாயைப் பொருத்தி ஓடவிட்டு, ரப்பர்ப் பந்தை அமுக்கி அந்தக் காற்றைத் திரவத்தின் வழியே இழுக்க வேண்டும். நிறம் முதலில் பச்சை கலந்ததாகி, பிறகு மஞ்சளாக மாறினால் பெட்ரோல் இஞ்சினில் கசிவு உறுதி. டீசலில் மாற்றம் பச்சையோடு நின்றுவிடலாம். தொடங்கும் முன், சைலன்சர் புகையில் சிறிது காட்டித் திரவம் வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டு, புதுத் திரவத்தோடு சோதனையைச் செய்யச் சொல்லுங்கள். கூலண்டே குழாய்க்குள் ஏறிவிட்டால் அந்த முடிவு செல்லாது.

நிறம் மாறவில்லை என்பதற்காகக் கேஸ்கெட் நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்யக்கூடாது. சில விரிசல்கள் இஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மட்டும் திறந்து, சூடேறியதும் மூடிக்கொள்ளும். தொப்பூர் கணவாயில் ஏறும்போது மட்டும் திறந்து, ஐடிலில் ஒன்றுமே காட்டாதவையும் உண்டு.

கம்ப்ரெஷன், லீக் டவுன்

கம்ப்ரெஷன், அதாவது பிஸ்டன் மேலேறும்போது சிலிண்டரில் உண்டாகும் காற்றழுத்தம், பார்க்கும்போது பெங்களூருக்கென்று ஒரு குறிப்பு உண்டு. இங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய 10 சதவீதம் குறைவு. மேனுவலில் உள்ள எண்ணைவிட எல்லாச் சிலிண்டரிலும் கொஞ்சம் குறைவாகவே காட்டும். அதைக் காட்டி "இஞ்சினே தேய்ஞ்சு போச்சு" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். சிலிண்டர்களுக்கு இடையே உள்ள வேறுபாடுதான் முக்கியம். பக்கத்துப் பக்கத்து இரண்டு சிலிண்டர்கள் மட்டும் சேர்ந்து குறைந்திருந்தால், அவற்றுக்கு நடுவே கேஸ்கெட் அறுந்திருக்கிறது. ஆனால் கூலண்டை மட்டும் கசியவிடும் சிறு ஓட்டை கம்ப்ரெஷனைக் குறைக்காமலே இருக்கக்கூடும். அதற்கு லீக் டவுன் சோதனையே மேல்: பிஸ்டனை மேல் எல்லையில் நிறுத்தி, இரண்டு வால்வும் மூடியிருக்க, சிலிண்டருக்குள் அழுத்தக் காற்றை விட்டு, திறந்த ரேடியேட்டர் வாயைப் பார்த்தால் போதும். குமிழி வந்தால், அந்தச் சிலிண்டர்தான்.

ஆயிலைப் பற்றிய ஒரு தவறான நம்பிக்கை

ஆயில் மூடியைத் திறந்து, பால் கலந்ததுபோல் இல்லை என்பதால் கேஸ்கெட் போகவில்லை என்று சொல்பவர்கள் பலர். கூலண்ட் சிலிண்டருக்குள் போய் எரிந்து வெளியேறும் கசிவில் ஆயில் சுத்தமாகவே இருக்கும். அது வேறு வழி, இது வேறு வழி. மறுபுறம், தினமும் மூன்று கிலோமீட்டர் மட்டும் ஓடும் வண்டியில் மூடிக்கு அடியில் வெண்ணிறப் பசை படிவது வெறும் ஈரக்காற்றின் வேலையாக இருக்கலாம். டிப்ஸ்டிக்கிலும் பால்நிறம் தெரிந்தாலோ ஆயில் மட்டம் தானாக உயர்ந்தாலோ மட்டும், வண்டியை அந்த இடத்திலேயே நிறுத்திவிட வேண்டும். அந்த ஆயிலால் பேரிங்குகளைக் காப்பாற்ற முடியாது.

டீசல் கார் என்றால்

டீசலில் ஸ்பார்க் பிளக் இல்லாததால் குளோ பிளக்கையோ இன்ஜெக்டரையோ கழற்றித்தான் உள்ளே பார்க்க முடியும். அதைவிட முக்கியம் இஜிஆர் கூலர். புகைவாயுவைக் கூலண்டால் குளிர்விக்கும் அந்தப் பாகம் உள்ளே விரிசல் விட்டால், கூலண்ட் இன்டேக் வழியாகச் சிலிண்டருக்குப் போய், வெண்புகை, மட்டக்குறைவு என்று கேஸ்கெட் போனதற்கான அதே அறிகுறிகளைக் காட்டும். கேஸ்கெட்டை மாற்றிய பிறகும் குறை தீராத டீசல் கார்களில் இதுவும் பார்க்க வேண்டிய ஒன்று. கூலரைத் தனியே கழற்றி, அழுத்தம் ஏற்றிச் சோதிப்பது ஹெட்டைக் கழற்றுவதைவிடச் சிறிய வேலை. முதலில் அதைச் செய்யச் சொல்லுங்கள்.

சோதனைகள் ஒத்துப்போன பிறகு

ரேடியேட்டரில் ஊற்றினால் கசிவை அடைத்துவிடும் என்று விற்கப்படும் திரவங்களை நான் பரிந்துரைப்பதில்லை. அவை கசிவை மட்டுமல்லாமல் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் ஹீட்டர் கோரையும் சேர்த்தே அடைக்கக்கூடும். அதேபோல், கசிகிறது என்று தெரிந்த பிறகும் ஊற்றி ஊற்றி ஓட்டினால் ஆக்சிஜன் சென்சாரும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் கெடும். கேரேஜுக்கு டோ செய்தே கொண்டுபோங்கள்.

ஹெட்டைக் கழற்றியதும் லேத்துக்கு அனுப்பி, விரிசல் இருக்கிறதா என்று அழுத்தம் ஏற்றியும், வளைந்திருக்கிறதா என்று நேர்கோலும் ஃபீலர் கேஜும் வைத்தும் பார்க்க வேண்டும். ஏற்கத்தக்க வளைவு பல இஞ்சின்களில் 0.05 மில்லிமீட்டர் அளவே. உங்கள் காரின் மேனுவல் சொல்வதே இறுதி. இதைப் பார்க்காமல் புதுக் கேஸ்கெட்டை மட்டும் போட்டு மூடினால் அதே கசிவு திரும்பி வரும். ஜே.சி. ரோட்டில் பாகம் வாங்கும்போது ஹெட் போல்ட்டுகளையும் சேர்த்தே விசாரியுங்கள். இறுக்கும்போது நீளும் வகைப் போல்ட்டுகளை மறுபடி பயன்படுத்தக்கூடாது. பழைய கேஸ்கெட்டைத் தூக்கி எறிய விடாமல் கேட்டு வாங்கி, சோதனையில் சொன்ன சிலிண்டரின் பக்கம்தான் அறுந்திருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். வேறிடத்தில் இருந்தாலோ எங்குமே அறுபடாமல் இருந்தாலோ, ஹெட்டை மாட்டுவதற்கு முன்பே ஹெட்டிலும் பிளாக்கிலும் விரிசலைத் தேடச் சொல்ல வேண்டும். வடித்தெடுத்த கூலண்டைத் திறந்த பாத்திரத்தில் விட்டு வைக்காதீர்கள்: அதில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்பானது, கொடிய நஞ்சு, தெருநாய்கள் நக்கிவிடும். புதுக் கூலண்ட் ஊற்றிக் காற்றை முழுவதும் வெளியேற்றிய பின், பழைய டேப்பை அதே இடத்தில் மறுபடி ஒட்டி, சில வாரங்கள் காலையில் மட்டத்தைப் பார்த்து வாருங்கள்.